ஆயிரத்து இருநூறு மூச்சுகள்

இன்டர்காம் அலறியது.

காலை ஒன்பது ஐம்பது. துவாரகாவிலிருந்து மெட்ரோ பிடித்து வந்த தேவநேசன், தோளில் மாட்டிய பையை இன்னும் இறக்கவில்லை.

"என் ரூமுக்கு வா."

பேராசிரியர் பத்மநாபனின் குரல். அவ்வளவுதான். லைன் செத்தது.

டில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறைக்குத் தலைவர் பத்மநாபன். துறையின் எழுபது கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே ஒரு சர்வருக்கும் பொறுப்பு தேவநேசன். பதினோரு வருடமாக ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஜூனிலும் பத்மநாபன் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஜூன் வரை வேலை.

கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான்...

சோபாவில் சைபர் பிரிவு இன்ஸ்பெக்டர் ஜெகன். டில்லி ஜனக்புரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஜன்னலோரம் மடியில் லேப்டாப்புடன் கவிதா. பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் சென்டரின் இன்ஜினீயர். போலீசுக்கு உதவ வந்திருந்தாள்.

விஷயத்தை பத்மநாபனே சொன்னார்.

டில்லிப் புகை குழந்தைகளின் நுரையீரலை என்ன செய்கிறது என்று அவர் மூன்று வருடம் நடத்திய ஆய்வு. ஆயிரத்து இருநூறு குழந்தைகளைக் கருவியில் ஊதவைத்து எடுத்த அளவுகள். அதில் ஏதோ தில்லுமுல்லு என்று புகார் போயிருக்கிறது. மூல டேட்டாவைப் பார்க்க இன்று மூன்று மணிக்கு விசாரணைக் குழு வருகிறது.

டேட்டா இல்லை!

நேற்று மதியம் யாரோ சர்வருக்குள் நுழைந்து அதை அழித்திருக்கிறார்கள்.

"யாரோ இல்ல. யார் நுழைஞ்சாங்கன்னு பதியுற லாக்ல உங்க பேர்தான் இருக்கு, தேவநேசன்ஜி," என்றார் ஜெகன்.

தேவநேசனின் தோளிலிருந்து பை நழுவியது.

"நான் தொடல சார்... சத்தியமா தொடல."

"பாஸ்வேர்ட் வேற யாருக்குத் தெரியும்?"

அவன் பத்மநாபனைப் பார்த்தான். வேறு வழியில்லை.

"சார், திங்கக்கிழமை நீங்கதான இன்டர்காம்ல கேட்டிய? ஆடிட்டுக்கு வேணும்னு சொன்னியளே..."

பத்மநாபன் கண்ணாடியைக் கழற்றினார். நிதானமாகத் துடைத்தார்.

"நானா? ஏம்ப்பா, உன்னை என் வீட்டுப் பிள்ளை மாதிரி வெச்சிருந்தேன். இப்படி அபாண்டமா பேசலாமா?"

இன்டர்காம் பேச்சு எங்கேயும் பதிவாகாது. அது அங்கிருந்த எல்லோரையும்விட தேவநேசனுக்கு நன்றாகத் தெரியும். அந்த இன்டர்காமை மாட்டியவனே அவன்தான்.

நேற்று மதியம் அவன் எங்கே இருந்தான் என்று ஜெகன் கேட்டார். சர்வர் அறையில். கூட யார்? யாருமில்லை.

சொல்லச் சொல்ல அவன் பதில்களே அவனுக்கு எதிராகத் திரும்பின.

டேட்டாவின் நகல் சேமிக்கும் பேக்கப் மெஷின் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் திறந்து பார்க்க விடுங்கள் என்று கெஞ்சினான். முடியாது என்றார் ஜெகன். அறைக்கு சீல் வைத்தாயிற்று. தடயவியல் ஆட்கள் வரும்வரை எந்த மெஷினையும் யாரும் திறக்கக்கூடாது. குறிப்பாக, அவன்.

பதினோரு வருடம் அந்த சர்வருக்குக் காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்த்த விரல்கள்... இப்போது மடியில் சும்மா கிடந்தன.

சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. மனைவி லூசி. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்திருக்கும். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது?

பத்மநாபன் ஒரு வெள்ளைத்தாளை அவன் பக்கம் நகர்த்தினார்.

"நீயே ராஜினாமா எழுதிக் குடுத்துடுப்பா. நாங்க டிஸ்மிஸ் பண்ணினா உனக்கு எங்கயும் வேலை கிடைக்காது."

அந்தக் கனிவுதான் தேவநேசனை உடைத்தது. பேனாவை எடுத்தான். 'ஐயா' என்று எழுதினான். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"ஃபைல் இருக்கு."

கவிதாவின் குரல். லேப்டாப்பிலிருந்து அவள் தலையை நிமிர்த்தவில்லை.

பத்மநாபன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"அதெப்படி இருக்கும்? பேக்கப்பையும் சேர்த்து அழிச்சாச்சே!"



ஜெகன் மெல்லத் திரும்பினார். "பேக்கப் மெஷினை இன்னும் யாருமே திறக்கல சார். அதுலயும் இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பத்மநாபன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

கவிதா விளக்கினாள். போன மாதத்திலிருந்து எல்லாத் துறைகளின் டேட்டாவையும் கம்ப்யூட்டர் சென்டர் வாரம் ஒருமுறை தானாகவே காப்பி எடுக்கிறது. சோதனை முயற்சி என்பதால் யாருக்கும் சொல்லவில்லை. தேவநேசனுக்கும் கூட.

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். முதல் முந்நூறு குழந்தைகள். அடுத்த முந்நூறு, அதே அளவுகள், புள்ளி பிசகாமல். அதற்கடுத்தும் அதே. நாலாவது முறையும் அதே. பெயர்கள் மட்டும் வேறு வேறு.

ஊதியது முந்நூறு பேர். மீதித் தொள்ளாயிரம் பேரும் பத்மநாபனின் மூச்சு!

தேவநேசன் பேனாவை மூடினான். அழவேண்டும் போல இருந்தது. வரவில்லை. இனி ஜூனில் கையெழுத்துப் போடப்போவது யாரோ?

பத்மநாபன் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். "இன்ஸ்பெக்டர், பதட்டத்துல வாய் தவறிடுச்சு. 'அழிஞ்சு போச்சு'ன்னுதான் சொல்ல வந்தேன்..."

ஜெகன் எழுந்து, அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

"சி.பி.எஸ்.இ. பத்தாவதுல தமிழ்ல நான் முப்பத்திமூணு மார்க் சார், ஜஸ்ட் பாஸ். ஆனா 'அழிஞ்சு போச்சு' வேற, 'அழிச்சாச்சு' வேறன்னு கண்டுபிடிக்க அந்த முப்பத்திமூணே ஜாஸ்தி... சலியே, கிளம்புங்க!"