நாலாவது வீடு

குடைக் கம்பி ஒருத்தன் நெற்றியில் போய் 'ணங்'கென்று இடித்தது.

"ஐயோ! மன்னிச்சுக்கோங்க... பலமா பட்டுடுச்சா?"

"பாதகமில்லை, அம்மணி."

அம்மணியா? சிஹாரு நிமிர்ந்து பார்த்தாள். இமையெல்லாம் மழைத்துளி. அதற்குக் கீழே, சிரிக்கலாமா வேண்டாமா என்று தயங்குகிற இரண்டு கண்கள்...

"சுற்றிப் பார்க்கும் கூட்டத்தில் அடியேனும் சேர்ந்திருக்கிறேன். பெயர் மொரிவாகி."

அவ்வளவுதான், சந்தேகம் பிடித்துக்கொண்டது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஜப்பானியச் சாப்பாட்டையும் பழக்கவழக்கத்தையும் சொல்லிக்கொடுப்பது அவள் பிழைப்பு. அந்தக் கூட்டத்தில் அச்சு அசல் ஜப்பானிய முகத்தோடு இவனுக்கு என்ன வேலை? 'சோற்றை மறந்தாலும் குடையை மறக்காதே' என்று சொல்கிற கனசாவா ஊரில், குடைகூட இல்லாமல்?

போன வாரம்தான் தெருச் சங்கத்தில் கூப்பிட்டுக் கண்டித்திருந்தார்கள். "பயணிகளால ரொம்பத் தொல்லை. இன்னும் ஒரு புகார் வந்தா, நீ யாரையும் இந்தத் தெருவுக்குக் கூட்டிட்டு வரக் கூடாது." தெரு போனால் பிழைப்பே போச்சு.

'வேவு பார்க்க அனுப்பியிருக்காங்களோ... இருக்கும். அந்தக் கண்ணைப் பார்த்து ஏமாந்துடாதே, சிஹாரு!'

தெருவில் நடந்தபடியே சொன்னாள். "புதுசா குடிவர்றவங்க, எதிரே மூணு வீட்டுக்கும் ரெண்டு பக்கத்து வீட்டுக்கும் நூடுல்ஸ் பொட்டலம் கொடுத்து 'நல்லபடியா இருப்போம்'னு கும்பிடணும். அதுதான் வழக்கம்."

"எதிரே நாலாவது வீட்டுக்குக் கொடுத்தால்?" என்றான் மொரிவாகி.

"நாலாவது வீட்டுல பொண்ணு இருந்தா, ஊரு வேற மாதிரி பேசும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. எதையோ மனசில் முடிந்துகொள்வது போல் தலையாட்டினான். வீடு வீடாக எதற்கு விசாரிக்கிறான்?

டோமோயே அக்காவின் சாப்பாட்டுக் கடையில் அவன் சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் நட்டு வைத்தான்.

"அது செத்தவங்களுக்குப் படைக்கிற முறை!" பதறிப்போய்ப் பிடுங்கினாள் சிஹாரு. விரல் விரலில் பட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"பிழை பொறுக்க வேண்டும், அம்மணி..."

"இது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே! நக்கலா?"

அவன் காது சிவந்தது. 'நடிப்பைப் பாரு... காதுகூட நடிக்குது!' என்று நினைத்தாள். ஆனாலும் அந்தச் சிவப்பை இரண்டாம் தரம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சே!

கொஞ்ச நேரத்தில் அவன் கழிவறைக்குப் போய்விட்டு வந்தான். சரக், சரக்... எல்லோரும் திரும்பினார்கள். கழிவறைக்கென்று வைத்திருக்கும் ரப்பர் செருப்போடு, பாய் விரித்த அறைக்கு நடுவில் வந்து நின்றான்!

சிஹாருவுக்குத் தலைக்கேறியது. "போதும் சார்! புகார் எழுத ஒரு காரணம் வேணும், அதுக்குத்தானே? எழுதிக்கோங்க! என் பிழைப்பைக் கெடுத்துட்டு நிம்மதியா தூங்குங்க!"

அவன் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். குரல் மெதுவாக வந்தது.

"நான் பிறந்தது பெரு நாட்டில். தாத்தா பேசிய ஜப்பானியம் மட்டும்தான் தெரியும். வழக்கங்களைச் சொல்லித்தர யாருமில்லை. இந்த முகத்தை வைத்துக்கொண்டு யாரிடமாவது கேட்டால் சிரிக்கிறார்கள். வெளிநாட்டவரோடு இருந்தால்... சிரிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்."

தலைவணங்கிவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டான்.

"அக்கா..." என்றாள் சிஹாரு. அழுகை முட்டியது.

"பாயைத் துடைச்சிடலாம்டீ. நான் ஒண்ணும் புகார் சொல்லப் போறதில்லை. நீ பேசினதை எதைப் போட்டுத் துடைப்பே? ஓடு!"

குடையோடு ஓடினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் குடியிருக்கும் தெருவிலேயே திரும்பி, ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே போனான். கதவைத் தட்டக் கை எழவில்லை அவளுக்கு. என்ன முகத்தோடு தட்டுவது?

மறுநாள் காலை, ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள். கை நிறையப் பொட்டலங்களோடு வந்தான். இரண்டு பக்கத்து வீடும் முடிந்தது. எதிரே முதல் வீடு... இரண்டாவது... மூன்றாவது... அடுத்த வாசலில் சாய்த்து வைத்திருந்த நேற்றைய குடையைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டான். அடுத்தது அவள் வீடு. நாலாவது.

'வர மாட்டான். ஏன் வரணும்? நான் பேசின பேச்சுக்கு...' கண் நிறைந்து, தெருவே கலங்கித் தெரிந்தது.

மணி அடித்தது.

கையில் ஒரே ஒரு பொட்டலம். நெற்றியில், நேற்றுக் குடைக் கம்பி இடித்த வீக்கம்.

"எங்க வீடு கணக்குல வராதுங்க..." என்றாள்.

"தெரியும், அம்மணி. நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்." காது மறுபடியும் சிவந்தது. "ஊர் வேறு மாதிரி பேசும் என்றும் சொன்னீர்கள்... பேசட்டும் என்றுதான் வந்தேன். குடை இடித்தபோதே உங்களைப் பிடித்துப்போனது."

"உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே... பிடிச்சுப்போச்சேன்னு பயந்துதான் அவ்வளவு கத்தினேன் போல." பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "உள்ளே வாங்க... மொரிவாகி."

வீட்டுக்குள் போடுவதற்கென்று வாசலில் வைத்திருந்த செருப்புகளைப் பார்த்து அவன் திகைத்தான். "இதில்... எதைப் போட வேண்டும்?"

"எதையோ போட்டுட்டு வாங்க! இந்த வீட்டுல புகார் சொல்ல ஆளில்லை."