சர்க்கரை இல்லாத குடும்பம்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் மாரடைப்பு என்பது குளியலுக்கும் காலைப் பலகாரத்துக்கும் நடுவில் முடிந்துவிடுகிற வேலை. மணிக்கட்டு வழியாக நுண்தூர்வாரிகளை இறக்குவார்கள். அவை இதயக்குழாய் அடைப்பை வாரிக்கொண்டு திரும்பும். நாச்சிமுத்துவுக்கும் வாரியாயிற்று. வலி மட்டும் நிற்கவில்லை.

"பெரிய வாய்க்கால் திறந்துவிட்டது. கிளை வாய்க்கால்களில் ரத்தம் பாயவில்லை," என்றது எந்திர வைத்தியன். "நெடுநாள் சர்க்கரை நுண்குழாய்களைக் கெடுத்திருந்தால் இப்படி ஆகும். அதற்குத் தனி மருந்து இருக்கிறது. சர்க்கரை இல்லாதவருக்குப் போட்டால் உயிர் போய்விடும். உங்களுக்கு உண்டா?"

"கிடையாதுங்க."

கையில் தோலுக்கடியில் பதித்த, சர்க்கரை இருந்தால் சிவக்கிற சர்க்கரைமணியும் பச்சையாகவே ஒளிர்ந்தது. கல்யாணப் பேச்சு எடுத்துவிட்டால் மணிமேல் பச்சை மறைப்புத்தோல் ஒட்டிக்கொள்வது அங்கே வழக்கம். மணியையும் மனிதர் வாய்ச்சொல்லையும் எந்திரம் சந்தேகிக்கக் கூடாது என்பது சட்டம். இயற்றியவர்கள் மனிதர்கள்தான்.

கட்டிலருகே, நாச்சிமுத்துவின் மகளைத் தம் மகனுக்குக் கேட்டிருந்த தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். ஜாதகம் ஒழிந்த ஊரில் மணியின் நிறம்தான் பொருத்தம்.

மனைவி பூங்கொடி காதருகே குனிந்தாள். "ஏனுங்க, சொல்லிப்போடுங்க."

"புள்ளைக்குக் கண்ணாலம் ஆகோணும். பேசாம இரு."

"கண்ணாலத்துல உங்களப் படமா மாட்டிவெக்கறதுக்கா?"

"இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது," என்றது எந்திரம். "பதிலில் மாற்றம் உண்டா?"

சாம்பல் பூத்த முகத்தோடு அவர் தலையாட்டி மறுத்தார். பூங்கொடி அவர் கையைப் பிடித்து மறைப்புத்தோலைப் பிய்த்தெறிந்தாள். மணி சிவப்பாக எரிந்தது.

"இருவது வருசச் சர்க்கரைங்க. மருந்தப் போடுங்க."

எந்திரம் போட்டது. முகத்தில் நிறம் திரும்பியது.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி. மறைச்சது தப்புத்தான்," என்றாள்.

"அட, சர்க்கரை இல்லாத வூடு எங்கீங்க இருக்குது? நானே தோல் ஒட்டித்தான் வந்திருக்கறனுங்க."

அவளுக்கு மூச்சு வந்தது. "அப்பக் கண்ணாலத்த..."

"அது சரிப்படாதுங்க." தெய்வசிகாமணி எழுந்தார். "உசுரு போறப்பவும் அவரு வாயத் தொறக்கல. மனுசன்னா அவரு மனுசன். நீங்க போயும்போயும் ஒரு எந்திரத்துகிட்ட உண்மையச் சொல்லிப்போட்டீங்க. உங்க வளர்ப்புல வந்த புள்ளய வூட்டுல வெச்சுக்கிட்டு நாங்க எப்படீங்க நிம்மதியா இனிப்புத் திங்கறது?"

அவர் போனார். ரத்தம் நன்றாகப் பாயத் தொடங்கிவிட்டதால், நாச்சிமுத்துவால் மனைவியை மூச்சுவிடாமல் திட்ட முடிந்தது.