கூடுதலாக ஒரு நிறம்

கோட்டு மாட்டும் கொக்கிகளில் அன்று ஒரு நிறம் கூடுதலாக இருந்தது.

டாக்னி வாசல் அறையில் நின்று அதையே பார்த்தாள். சிவப்பு அவளுடைய கோட்டு. நீலம் அவளுடைய மழைச்சட்டை. கணவன் வெர்லினின் பச்சைக் கோட்டு காலையிலேயே அவனோடு பனி தள்ளும் வண்டியில் ஏறிப் போய்விட்டது. அப்படியானால் நீலத்தை ஒட்டி, நனைந்த சாக்கு மாதிரி, பழுப்பும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் தொங்குவது என்ன?

கையை நீட்டித் தடவினாள். சிவப்பின் கம்பளி. நீலத்தின் வழவழப்பு. அதற்கப்பால் வெறும் மரச்சுவர், சில்லென்று. இரண்டடி பின்வாங்கி மறுபடி பார்த்தபோது சிவப்பும் நீலமும் மட்டும் இருந்தன.

அவள் தன் கண்ணை நம்பி ஒரு வருஷம் ஆகிறது. போன குளிர்காலத்தில், உறைந்த ஏரியின்மேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிசைக்குள், ஹீட்டரிலிருந்து வாசனையே இல்லாமல் கசிந்த விஷவாயு அவளை மயக்கிப் போட்டது. வெர்லின் வந்து இழுத்து வெளியே போட்டதில் உயிர் தப்பியது. பார்வையும் தப்பியது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நிறம் தெரிந்தது, பளபளப்பு தெரிந்தது, தலைமயிர் போன்ற மெல்லிய கீறல்கூடத் தெரிந்தது. ஆனால் அவை ஒன்றுசேர்ந்து ஒரு பொருளாக ஆகவில்லை. எது எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்லும் வேலையை மூளை கைவிட்டிருந்தது. மேசையும் அதன்மேல் இருக்கும் கோப்பையும் பின்னாலுள்ள சுவரும் ஒரே துணியில் கொட்டிய சாயமாகக் கிடந்தன. கையில் எடுத்தால்தான் கோப்பை. அசைந்தால்கூடத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டு நாய் ஓடினால் அது நாய். நின்றுவிட்டால் பனிமேல் ஒரு கறை.

அதனால் வீட்டில் எதையும் இடம் மாற்ற வெர்லினுக்கு அனுமதி கிடையாது. எங்கே என்ன நிறம் என்பது அவளுக்கு மனப்பாடம்.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். மதியம்தான். ஆனாலும் ஜன்னல்களில் வானமும் தரையும் இல்லை, வெறும் வெள்ளை. காற்று கூரையின் தகட்டை நகத்தால் பிறாண்டுவதுபோல் பிறாண்டிக்கொண்டிருந்தது. அடித்தளத்தில் வீட்டைச் சூடாக்கும் உலை எரியத் தொடங்கி, சுடுகாற்றோடு பழைய தூசியின் கருகல் வாசனையைத் துவாரங்கள் வழியாக மேலே ஊதியது. அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று, ஏரியின் அடிச்சேறு போல.

அப்போது புத்தக அலமாரியின் பழுப்பிலிருந்து ஒரு துண்டு பிரிந்தது.

பிரிந்து, நடந்தது. சந்தேகமே இல்லாமல் நடந்தது. அவளுக்கு உருவம்தான் பிடிபடாது, நடை நொடியில் பிடிபடும். தோள் ஏறி இறங்குவதும் கால் மாறி மாறி விழுவதும் தெளிவாகத் தெரிந்தன. மனித நடைதான். கால் மட்டும், முழங்காலுக்குக் கீழே, மடங்கக் கூடாத இடத்தில் இன்னொரு முறை மடங்கியது. சோபாவின் சாம்பலுக்கு முன்னால் வந்து நின்றது. நின்றதும் கரைந்தது.

சோபா இருந்தது. அல்லது சோபாவின் நிறம் இருந்தது.

“வெர்லின்?”

போனை வாயருகே கொண்டுவந்து நாத்தனாரைக் கூப்பிடச் சொன்னாள். ஜோனெல் இரண்டு ஊர் தள்ளி இருக்கிறாள். கேமராவில் பார்த்து அது என்ன, இது என்ன என்று சொல்வது தினசரி வழக்கம்.

“என்ன அண்ணி, திரும்பவும் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை ரொட்டின்னு வாட்டிட்டீங்களா?”

“ஜோனெல், கூடத்தைக் காட்டறேன். என்னென்ன இருக்குன்னு வரிசையா சொல்லு.”

“குரல் ஏன் இப்படி இருக்கு? அண்ணன் இன்னும் வரலையா?”

“ரோட்டை மூடிட்டாங்களாம். அவர் பனி தள்ளிட்டிருக்கார். நீ சொல்லுடி.”

டாக்னி போனை மெல்லத் திருப்பினாள்.

“சரி சரி. அலமாரி. ஜன்னல். சோபா, அதுமேல நான் பின்னிக் கொடுத்த போர்வை, ஒரு நாள்கூடத் துவைச்ச மாதிரி தெரியலை. சோபா பக்கத்துல நெட்டையா ஸ்டாண்டு விளக்கு. அப்புறம் டிவி...”

“என்ன விளக்கு?”

“நெட்டையா நிக்குதே, அது. துணிக்கூண்டு போட்டது.”

“இந்த வீட்டுல நிக்கிற விளக்கே கிடையாது. நான் இடிச்சுக்கறேன்னு உங்கண்ணன் வித்துட்டார்.”

“இல்லையே, நல்லாத் தெரியுதே... இருங்க. வெளிச்சம் கம்மியா இருக்கு. ஆமா, விளக்கில்லை. கோட்டு ஸ்டாண்டு. மேல கோட்டைப் போட்டு வச்சிருக்கீங்க.”

சரியான கண் உள்ளவளுக்கும் அது பிடிபடவில்லை. தெரியாத ஒன்றைப் பார்த்ததும், தெரிந்ததில் எது பக்கத்தில் வருகிறதோ அதன் பெயரைத் தூக்கி ஜோனெலின் மூளை அதன்மேல் போர்த்திவிடுகிறது. முதலில் விளக்கு. இப்போது கோட்டு.

“கோட்டு எதுவும் இங்க இல்லை, ஜோனெல்.”

ஜோனெலின் குரலில் இப்போது கேலி இல்லை. குழந்தையைக் கிணற்றடியிலிருந்து கூப்பிடுவதுபோல் நிதானமாக இருந்தது.

“அண்ணி. கேமராவை அப்படியே வச்சுக்கோங்க. திரும்பாதீங்க. பின்னாலேயே நடந்து வாசலுக்குப் போங்க.”

“அது என்னது?”

“போங்க அண்ணி. அது கோட்டு இல்லை. அதுக்கு மடிப்புன்னு நான் நினைச்சது எல்லாம்...”

இணைப்பு அறுந்தது. டாக்னி போனிடம் வெர்லினின் பெயரைச் சொன்னாள். சிக்னல் இல்லை என்றது போன்.

பின்னாலேயே நடந்தாள். வாசல் அறை. உள்கதவின் பிடி. திறந்தது. வெளிக்கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் மோதினாள். பனி காலையிலிருந்து அதன்மேல் சாய்ந்து குவிந்திருந்தது. கீழ் விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு மட்டும் கதவு விலகியது. அதன் வழியே பொடிப்பனி அவள் காலுறைமேல் தூவியது. சமையலறைக் கதவு ஒன்று உண்டு. அதற்குக் கூடத்தைத் தாண்ட வேண்டும்.

பலகை முனகியது. எங்கே? கூடத்திலா? இங்கேயா?

மருத்துவமனையில் ஒரு பெண் அவளுக்கு ஒரு வித்தை பழக்கியிருந்தாள். பொருள் அசையாவிட்டால் நீ அசை. தலையை இடமும் வலமும் ஆட்டு. கிட்டத்தில் இருப்பது வேகமாக எதிர்ப்பக்கம் நழுவும், தூரத்தில் இருப்பது மெல்ல நழுவும். நழுவும்போது ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரியும்.

கதவில் முதுகைச் சாய்த்து, டாக்னி ஆடத் தொடங்கினாள்.

இடம். வலம். நிலைப்படியின் வெள்ளை வேகமாக எதிர்ப்பக்கம் நழுவியது. சிவப்புக் கோட்டு பிரிந்தது. நீலம் பிரிந்தது. தூரத்தில் சோபா மெல்ல நகர்ந்து தன் விளிம்பைக் காட்டியது. அலமாரி. ஜன்னல். எல்லாம் அவள் சாய்ந்த பக்கத்துக்கு எதிராக, ஒழுங்காக, ஒவ்வொன்றாகப் பிரிந்தன. வீடு வீடாகிக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் முட்டியது.

ஒன்று மட்டும் எதிராக நழுவவில்லை.

இடம் சாய்ந்தாள். அதுவும் அவளோடு அதே பக்கம். வலம் சாய்ந்தாள். அதுவும். கண்ணாடியா? கண்ணாடிகளை எல்லாம் வெர்லின் எப்போதோ கழற்றிவிட்டான்.

அது ஆடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்து. அவளைப் போலவே.

நின்றாள்.

அதுவும் நின்றது. கரைந்தது. எதிரே நிறங்கள். வெறும் நிறங்கள். அது கூடத்தில் இருக்கலாம். நிலைப்படியில் இருக்கலாம். நீலத்தை ஒட்டி இருக்கலாம்.

அவளால் தாங்க முடியவில்லை. மறுபடி ஆடினாள்.

இடம். அங்கே இருந்தது. வலம். இருந்தது. சேற்று வாசனை. நிலைப்படியைவிட உயரம். இடம். இப்போது நிலைப்படியை மறைத்தது. நிறுத்தினால் போய்விடும். போனால் எங்கே? வலம். சிவப்பை மறைத்தது. நிறுத்தாதே. கழுத்து வலித்தது. நிறுத்தாதே. இடம். நீலம் இல்லை. வலம். ஜன்னலின் வெள்ளை இல்லை.

ஆடிக்கொண்டே இருந்தாள். கண்ணுக்கு எட்டியவரை இப்போது ஒரே நிறம்தான். அது அவளோடு இடம் சாய்ந்தது, அவளோடு வலம் சாய்ந்தது.