யார் மாட்டிய மொட்டை டயர்?

1996 ஜனவரி, வெள்ளிக்கிழமை. காலை 11.20.

"உங்கள் பிக்கப் டிரக்கின் பின்டயர் இரண்டும் மொட்டை" என்றார் அமெரிக்கப் போலீஸ் அதிகாரி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற வசந்தாமணிக்கு அந்த ஆங்கிலம் காதில் விழுந்தது; மனதில் ஏறவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் வேலுமணிக்குத் தொடை எலும்பில் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற ஆறு வயது வெண்பாவின் நெற்றியில் தையல். விடியற்காலைப் பனிப்பொழிவு மழையாக மாறிய நேரத்தில், மகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போன வண்டி பிளெய்ன்ஸ்பரோ வளைவில் பின்பக்கம் வீசி, சுழன்று, மரத்தில் மோதியிருந்தது.

"நோ சார். நியூ டயர். ஆல் ஃபோர் நியூ" என்றாள்.

"முன்னால் இரண்டும் புதிது. பின்னால் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. தெரிந்தே அதில் குழந்தையை ஏற்றுவது குற்றம். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா மதியம் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருவார்."

பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாதவர்களிடமிருந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று கோயில் மடப்பள்ளியில் பெண்கள் பேசி வசந்தாமணி கேட்டிருக்கிறாள். வெண்பாவின் கையை இறுக்கினாள். "அம்மா, இட் ஹர்ட்ஸ்" என்றது குழந்தை.

அவர்களை வீட்டுக்கு அழைத்துப்போக மாடி வீட்டு ஷ்யாமளா காருடன் வந்தாள். மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைச் சோதிப்பது அவள் வேலை. ஆயிரத்தில் ஒரு மாத்திரை நிறம் மாறியிருந்தாலும் மொத்தத்தையும் நிறுத்திவிடுவாள் என்று பெயர்.

"நாலும் புதுசுதானா? நிச்சயமா?" காரைக் கிளப்பியபடி கேட்டாள்.

"சாமி சத்தியமாங்க்கா. கிறிஸ்துமஸுக்கு முந்தி மாத்துனோம். கடைக்காரன் மாட்டறப்ப பக்கத்துலயே நின்னேன். வீட்டுக்கு வந்து நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினோம்."

அந்த டயரைத் தேர்ந்தெடுக்க வேலுமணி பட்ட பாடு அந்தக் குடியிருப்புக்கே தெரியும். கோடை டயர் பனியில் கல்லாகிவிடும் என்பார்கள். பனி டயர் மழைத் தார்ச்சாலையில் சீக்கிரம் தேயும் என்பார்கள். கடைசியில், தண்ணீரை வெளியே தள்ளும் ஆழமான வரிகளும் பனியைக் கவ்வும் பொடி வெட்டுகளும் கொண்ட ஆல் சீசன் டயர் நான்கை வாங்கினான். பெண் பார்க்க வந்தபோதுகூட அவன் இவ்வளவு கேள்வி கேட்கவில்லை.

"அப்புறம் வண்டி யார் கைக்குப் போச்சு?"

"உங்க வீட்டுக்காரர் சோபா எடுக்கக் கொண்டுபோனாருங்க."

ஷ்யாமளா சிரிக்கவில்லை. "சரி, அவரும் உண்டு. வேற?"

"புதன்கிழமை சேனாபதி அண்ணன் ஏர்போர்ட்டுக்குக் கேட்டார். அவர் வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு."

சேனாபதி எதிர்க் கட்டடத்துக்காரன். வேலுமணியும் அவனும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி ஃபோர் வீல் டிரைவ் டிரக் வாங்கியவர்கள். அவன் மனைவி அனந்தலக்ஷ்மிக்கு நிறைமாதம்.

"எங்காத்து மனுஷருக்கு ஜாக்கியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. எங்களுக்கு இருக்கறது சின்னக் கார், அந்த டயர் அதுக்குச் சேரவும் சேராது" என்றாள் ஷ்யாமளா.

பார்க்கிங்கில் இறங்கியதும் வெண்பா வழுக்கி உட்கார்ந்தாள். "அம்மா, லெமன்!"

காலை மழையில் மேல்பனி கரைந்திருந்தது. அடியில் இறுகிக் கிடந்த பழைய பனிமேல், சேனாபதியின் டிரக்குடைய முன்சக்கரங்களை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன.

"நாம வச்சதா இருக்கும். வா கண்ணு" என்று வசந்தாமணி மகளைத் தூக்கினாள். அவள் நினைப்பெல்லாம் இரண்டு மணியிலேயே இருந்தது.

ஷ்யாமளா குனிந்து பார்த்தாள். அந்த முன்டயர்கள் வரி தெரியாமல் தேய்ந்திருந்தன. சுற்றிலும் எல்லா வண்டிகளும் முகத்தை உள்ளே விட்டு நின்றன. இது மட்டும் பின்பக்கமாக வந்து, பனிக்குவியலில் முதுகைப் புதைத்துக்கொண்டிருந்தது.

மண்வெட்டியோடு சேனாபதி வந்தான். "வேலு எப்படி இருக்கான்?"

"ஆபரேஷன் நடக்கறது. நீங்க டயர் மாத்தினேளா?"

"இல்லையே. பழசுதான். பாருங்க."

"பின்னாடி?"

"அதுவும் அப்படித்தான்."

"ஏன் திருப்பி நிறுத்தியிருக்கேள்?"

"லக்ஷ்மிக்கு வலி எடுத்தா சட்டுனு கிளம்பணும்ல?" அவன் கண்கள் வெண்பாவின் நெற்றிக் கட்டில் பட்டு உடனே விலகின.

மதியம் 1.30. வசந்தாமணி சாமி விளக்கை ஏற்ற முயன்றாள். மூன்று தீக்குச்சி அணைந்தது. வாசல்மணி அடித்தபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் ஓடினாள்.

ஷ்யாமளா கதவைத் திறந்தாள். வந்தது அனந்தலக்ஷ்மி. வயிற்றைத் தாங்கிக்கொண்டு படியேறி வந்திருந்தாள். பின்னால் பாத்திரத்துடன் சேனாபதி.

"பாப்பாவுக்கு ரசம் சாதம்க்கா. நீங்களும் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

ஷ்யாமளா அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "லக்ஷ்மி, கீழே அந்த எலுமிச்சம்பழம் நீ வச்சதாம்மா?"

"ஆமாக்கா. புதன்கிழமை ராத்திரி புது டயர் ரெண்டு மாட்டியிருக்கேன்னார். சாமி கும்பிடாம ஓட்டலாமா? இவர் வேண்டாம் வேண்டாம்னார். நாந்தான் பிடிவாதமா வச்சு ஏத்தச் சொன்னேன்."

பாத்திரம் மேசைமேல் தட்டென்று இறங்கியது.

"வசந்தா, நீ பழம் வச்சது இந்த மாசம் கொட்டின பெரும்பனிக்கு முன்னாடி" என்றாள் ஷ்யாமளா. "பனி வாரற வண்டி அதை எப்பவோ அள்ளிண்டு போயிருக்கும். இது பனிக்கு மேலே கிடந்தது. நீ வச்சது நாலு, இது ரெண்டு. பக்கத்துல நிக்கறதோ மொட்டை டயர். மொட்டை டயருக்கு யாராவது பூஜை போடுவாளா? அப்போ பழம் வச்ச அன்னிக்கு அந்த இடத்துல நின்னது பின்சக்கரம். இன்னிக்கு விபத்துச் செய்தி வந்தப்புறம் வண்டியைத் திருப்பி, புது டயரைப் பனிக்குள்ளே ஒளிச்சாச்சு. சேனாபதி, ஏர்போர்ட்டுக்குப் போகவே இல்லையே நீங்க?"

சேனாபதி சுவரில் சாய்ந்தான்.

"வருஷப் பிறப்போட வேலை போச்சு. இவகிட்ட சொல்லலை. தினம் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் ஸ்டேஷன்ல போய் உட்கார்ந்துட்டு வந்தேன். போன வாரம் செக்கப்புக்குப் போறப்ப வண்டி வழுக்கிடுச்சு, இவ அலறிட்டா. வேலு வண்டில முன்னாடி ரெண்டு புதுசு இருக்கே, நாலு சக்கரமும் இழுக்குமே, ஒண்ணும் ஆகாதுன்னு பின்னாடி ரெண்டையும் மாத்திக்கிட்டேன்..."

"இழுக்கும். நிறுத்துமா?" என்றாள் ஷ்யாமளா. "முன்பக்கம் கவ்விண்டு பின்பக்கம் வழுக்கினா, வண்டி பம்பரந்தான்."

"நம்பி சாவி குடுத்தாரே அண்ணா!" வசந்தாமணியின் குரல் உடைந்தது. "எம்புள்ளையக் கொண்டுபோயிடுவாங்கன்னு காலைல இருந்து செத்துட்டிருக்கேன். நீங்க கீழ மண்வெட்டிய வச்சுட்டு நின்னீங்க!"

அனந்தலக்ஷ்மி கணவனை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை.

மணி இரண்டுக்கு வாசல்மணி மறுபடி அடித்தது. யாரும் சொல்லாமலே சேனாபதி போய்க் கதவைத் திறந்தான். வந்திருந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான். கீழே அழைத்துப்போய், பனியை வெட்டிப் பின்டயர்களைக் காட்டினான்.

அந்த அம்மாள் திரும்பி வந்து வெண்பாவின் அருகே மண்டியிட்டாள். வலிக்கிறதா என்று கேட்டாள். பிறகு எழுந்து, "குழந்தை உங்களிடம்தான் இருப்பாள். போலீசிடம் நான் பேசுகிறேன். அந்த மனிதர் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்" என்றாள். அடுத்த நிமிடமே டெலிபோன் ஒலித்தது. வேலுமணி கண் விழித்துவிட்டான்.

வசந்தாமணி குழந்தையை மார்போடு அணைத்து அழுதாள். அழுது முடித்தபோது, கதவோரம் அனந்தலக்ஷ்மி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். வெளியே போகவும் தெரியாமல், உள்ளே வரவும் தெரியாமல்.

"லக்ஷ்மி, உக்காரு. அந்த டயர் ரெண்டும் உங்க வண்டிலயே இருக்கட்டும். எங்க வண்டில முன்னாடி இருக்கற ரெண்டையும் கழட்டி மாட்டிக்கச் சொல்லு. எங்க வண்டி இப்போதைக்கு ஓடாது."

"அக்கா... உங்களுக்குக் கோவமே இல்லையா?"

"இருக்குது. நிறைய இருக்குது. அவர் முகத்த இன்னும் எத்தனை நாளைக்குப் பாப்பேன்னு தெரியல." வசந்தாமணி தட்டை எடுத்து ரசம் சாதத்தை இரண்டாகப் பிரித்தாள். "ஆனா ராத்திரி மறுபடி பனி கொட்டுமாம். நீ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரணுமில்ல? சாப்பிடு."