கரிபோன தகடு

“களவு போகேல்லை, ஐயா. துடைச்சுப் போட்டான். அதுதான் வயித்தெரிச்சல்.”

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் நேசையாவின் வீட்டுக்கு வந்த பௌதிக விரிவுரையாளர் தியாகராசா, கரி படிந்த கைலேஞ்சியால் வியர்வையை ஒற்றிக்கொண்டார். போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று ஒரு வருடமாகியிருந்தது. விளக்குச் சுவாலையில் கண்ணாடித் தகட்டைப் பிடித்து, மயிரிழையிலும் மெல்லிய கரிப்படலம் படியவைத்து, அதில் மின்சாரம் ஓடும் விதத்தை அளப்பது அவருடைய ஆராய்ச்சி. மின்சாரம் தந்தது சைக்கிள் டைனமோ. மிதித்தவர் ஆய்வுகூட உதவியாளர் சிமியோன். எட்டு மாதத்தில் தேறிய ஒரே தகடு, வெள்ளிக்கிழமை பின்னேரம் மேசையிலேயே வெறுங்கண்ணாடியாகக் கிடந்தது. அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். சிமியோனைக் கண்டபடி ஏசி, இனி வேலைக்கு வரவேண்டாம் என்று கலைத்துவிட்டார் தியாகராசா.

“அப்ப சிமியோன்தான்!” என்றார் நேசையாவின் மனைவி வினிபிரட். எந்த வழக்கிலும் முதலில் குற்றவாளியைப் பிடிப்பவர் அவர்தான். பிடிபடுபவர் பெரும்பாலும் அப்பாவியாக இருப்பார்.

“சிமியோன் என்ன சொன்னவர்?” என்று கேட்டார் நேசையா.

“உவன் ஒண்டும் கதைக்கேல்லை. தலையைக் குனிஞ்சுகொண்டு போயிட்டான்.”

நேசையா தகட்டைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. “கோவத்திலை செய்யிறவன் உடைப்பான். இது ஊதி ஊதித் துடைச்சது. அப்ப எத்தினை மணி இருக்கும்?”

“ஆறு மணி. நான் கணக்கிலை இருந்தனான்.”

“அந்தக் கணக்கை எனக்கு விளங்கப்படுத்தும்,” என்ற நேசையா, தம் லாம்பின் கரிபிடித்த கண்ணாடிச் சிமினியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார்.

தியாகராசாவுக்குச் சொல்லவா வேண்டும்! “கரியிலை அணுக்கள் ஆறாறாய்க் கைகோத்து, தேன்கூட்டு வதை மாதிரி நிக்குதுகள். எல்லாக் கண்ணும் ஒரே மாதிரி இருந்தால் மின்சாரத்தைக் கொண்டுபோற இலத்திரன் தடையில்லாமல் ஓடும். ஒரு கண் பிசகினாலும் முட்டிச் சிதறும். எவ்வளவு சிதறும் எண்டதுதான் என்ரை கணக்கு…”

வினிபிரட் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, கையைப் பாரும்,” என்றார் நேசையா.

சிமினி பளபளத்தது. கைலேஞ்சி இன்னும் கறுத்திருந்தது.

“ஒரு வருசமாய்ப் பொழுதுபடேக்கை எல்லாரும் செய்யிற வேலை. கரிபிடிச்ச கண்ணாடியைக் கண்டால் கை சும்மா இராது. நீர் கணக்கிலை இருந்தீர். கை தன்ரை பாட்டிலை துடைச்சிட்டுது.”

தியாகராசா கூனிக் குறுகிப் போனார். தகடு போனது இப்போது பெரிதாகத் தெரியவில்லை. ‘நன்றிகெட்டவன்’ என்று தாம் கத்தியதுதான் காதில் நின்றது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே குருநகரிலிருந்த சிமியோனின் வீட்டுக்குப் போனார்.

சிமியோன் வாசலுக்கு வந்தார். சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே தியாகராசா மன்னிப்புக் கேட்டார்.

“சிமியோன் அண்ணை, நீங்கள் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்? ஏன் சொல்லேல்லை?”

“கண்டனான், சேர்,” என்றார் சிமியோன், நிலத்தைப் பார்த்தபடி. “கணக்குப் பிழைச்சுப் போச்சு, அதை மறைக்கத்தான் அழிக்கிறியள் எண்டு நினைச்சன். அதை என்ரை வாயாலை எப்பிடிச் சொல்லுறது?”