நல்லபாரின் சத்தம்

வள்ளம் நல்லபார் என்ற பவளத்திட்டுக்கு மேலே நின்றதும் நசீரா தலையை நீருக்குள் விட்டுக் கேட்டாள். எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் இறால்களின் சடசடப்பு, கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம், நடுவே ஏதோ ஒரு மீனின் உறுமல். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“உயிரோட இருக்கு அண்ணாச்சி!”

வள்ளக்காரர் சிலுவை வேறு பக்கம் பார்த்தபடி தலையாட்டினார்.

கடல் சூடேறிப் பவளமெல்லாம் வெளுத்துச் செத்தபோது பார்கள் ஊமையாகிவிட்டன. திறந்த கடலில் அலையும் மீன்குஞ்சுகள் பாரின் சத்தத்தைக் கேட்டுத்தான் கரைப்பக்கம் திரும்பும். சத்தமில்லாவிட்டால் திரும்பாது. அதற்கு வழி கண்டுபிடித்தவள் நசீராதான். மிச்சமிருந்த ஒரே உயிருள்ள பாரான நல்லபாரில் மூழ்கி, அதன் சத்தத்தைப் பதிந்து, நீருக்கடியில் பாடும் ‘பாரொலிப் பெட்டி’யில் அடைத்துச் செத்த பார்களின் மேல் வைத்தாள். குஞ்சுகள் கூட்டங்கூட்டமாக வந்தன. அவளுக்கு மாலை போட்டார்கள். ஊருக்கு ஊர் பெட்டி இறங்கியது. பக்கத்து ஊர்ப் பெட்டியைவிட நம்முடையது சத்தமாகப் பாட வேண்டும் என்ற போட்டி வேறு.

வந்த குஞ்சுகளுக்கு அங்கே ஒளிய ஒரு பொந்து கிடையாது, தின்ன எதுவும் கிடையாது. வந்த இடத்திலேயே செத்தன. இது உறைப்பதற்குள் பாதிக் கடல் காலியாகிவிட்டது. காலில் விழாத குறையாக ஊர் ஊராய்க் கெஞ்சி நசீரா பெட்டிகளை நிறுத்தவைத்தாள். நல்லபார் ஒன்று போதும், குஞ்சுகள் அங்கே போய்ப் பிழைத்துப் பெருகும் என்று நம்பினாள். அங்கே பதித்திருந்த ‘கடற்காது’ என்ற ஒலிவாங்கி பாரின் சத்தத்தை அவளுடைய அலுவலகத்துக்குத் தவறாமல் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்ததால் இன்றுவரை வந்து பார்க்கத் தோன்றவில்லை.

முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கலங்கிய தண்ணீர். பாதி ஆழம்கூடப் போகவில்லை, டொக், டொக், டொக் என்று கேட்டது. மேலே வா என்று வள்ளத்தின் அடிப்பலகையில் சிலுவை தட்டும் தட்டு அது. நசீரா மேலே வந்தாள்.

“இப்பத்தானே இறங்குனேன், ஏன் தட்டுனீங்க?”

“நான் தட்டலயேம்மா.”

நசீராவுக்கு அந்தப் பழைய பதிவு நினைவுக்கு வந்தது. அன்று பதிவு செய்யும்போது சிலுவை தட்டிய தட்டும் அதில் விழுந்திருந்தது. ஒரு பிரியத்தில் அதை எடுக்காமல் விட்டிருந்தாள்.

“கீழ பெட்டி இருக்கா அண்ணாச்சி?”

“பார் எப்பவோ அடங்கிட்டும்மா. குஞ்சு வந்தாப் பார் பிழைச்சுக்கிடும்னு எங்க ஊர்க்காரங்கதான் ஒண்ணு இறக்குனோம். ஒங்ககிட்ட இதை எந்த வாயால சொல்ல?”

அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. செத்த பாருக்குப் பாடக் கற்றுக்கொடுத்ததே அவள்தானே. மறுபடி மூழ்கினாள்.

நல்லபார் முழுவதும் பாசி மூடிக் கிடந்தது. குஞ்சுகளையெல்லாம் மற்ற பெட்டிகள் இழுத்துக்கொண்டதில், இங்கே பாசியை மேய மீன் இல்லாமல் போயிருந்தது. நடுவில் பெட்டி மட்டும் உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கண்ணாடிச் சில்லுகள்போல ஒரு சிறு குஞ்சுக்கூட்டம். இந்தக் கடலில் கடைசிக் கூட்டமாகவும் இருக்கலாம். பெட்டியை நிறுத்தினால் அவற்றுக்குப் போக இடமில்லை. நிறுத்தாவிட்டால் இங்கேயே சாகும்.

நிறுத்தினாள்.

குஞ்சுகள் திகைத்து நின்றன. எங்காவது ஒரு சடசடப்பு கேட்காதா, அந்தப் பக்கமாவது இவை போகாதா என்று நசீரா மூச்சடக்கிக் காத்திருந்தாள். எந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்றும் கேட்கவில்லை.

வெகுநேரம் அவளைக் காணாமல் பயந்துபோன சிலுவை மேலே தட்டினார்.

டொக், டொக், டொக்.

குஞ்சுகள் அத்தனையும் ஒன்றாகத் திரும்பி வள்ளத்தை நோக்கி நீந்தின.