இட்லி மாவு வாசம் வீசிய சாக்லேட் உருண்டை

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஸ்வாதி ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே பளபளவென்று சாக்லேட் உருண்டைகள். திவ்யா ஒன்றை எடுத்துப் பாதி கடித்தாள். நடுவிலிருந்து சாக்லேட் குழம்பு வழிந்து அவள் விரலில் இறங்கியது.

"உள்ள வேற சாக்லேட் வச்சிருக்கியா?" என்றாள் திவ்யா, விரலை நக்கிக்கொண்டே.

எதிரே உட்கார்ந்து தயிர் சாதம் பிசைந்துகொண்டிருந்த மோகனப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது.

திவ்யா அவளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தோழி. ஸ்வாதி கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மேனாம்பேட்டில் மோகனா வீட்டுக்கு எதிரே புதிதாக எழும்பிய அடுக்குமாடியில் நாலாவது மாடி அவள் வீடு. அந்த நிலமே மோகனாவின் தாத்தா விற்றதுதான். அதை நினைத்தாலே மோகனாவுக்குக் கோபம் வரும், ஏதோ ஸ்வாதிதான் ஏமாற்றி வாங்கிவிட்டதுபோல.

"இதுக்குப் பேரு ட்ரஃபிள்," என்றாள் ஸ்வாதி. "ஓவனே வேண்டாம் புள்ள. மைதாவ வறுத்து ஆற வச்சு, வெண்ணெய், சர்க்கரை, கொஞ்சம் பால் விட்டுப் பெசையணும். நடுவுல சாக்லேட் கொழம்ப வச்சு உருட்டி, மேலயும் சாக்லேட்ல முக்கி, ஃப்ரிட்ஜுல வச்சா முடிஞ்சுது. என்ற அம்மா சொல்லிக் கொடுத்தாங்க."

"சனிக்கிழமை என் பர்த்டேக்கு இத செஞ்சு எடுத்துனு வரியா?" என்று கேட்டாள் திவ்யா.

மோகனாவின் கை தயிர் சாதத்திலேயே நின்றது. வருஷா வருஷம் திவ்யாவின் பிறந்தநாளுக்கு மோகனா வீட்டிலிருந்துதான் குழிப்பணியாரம் போகும்.

"இது வெறும் உருண்டைதான," என்றாள் மோகனா. "நான்கூட செய்வேன். நாளைக்கே எடுத்துனு வரேன் பாரு."

மோகனாவின் அம்மா ராணி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர். கிரைண்டர் நின்றால்தான் அந்த வீட்டில் பேசுவது கேட்கும். அன்று மாலை மாவு அரைத்து முடித்ததும் மோகனா அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா மைதாவை வறுத்துக் கொடுத்தார். வெண்ணெய் இருந்தது. வெள்ளைச் சர்க்கரை தீர்ந்துபோனதால் நாட்டுச் சர்க்கரை போட்டாள். உள்ளே வைக்கச் சாக்லேட் பற்றாது. வறுத்த கடலையைப் பொடித்து வெல்லப்பாகில் குழைத்து வைத்தாள். இருந்த சாக்லேட்டை உருக்கி மேலே பூசினாள்.

அண்ணன் தினகரன் எட்டிப் பார்த்தான். "இன்னாடி இது, சாணி உருண்ட மாதிரி கீது?"

"உனக்குக் கெடையாது, போ."

"எனக்கு வேணாமே."

ஃப்ரிட்ஜைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை மாவுப் பாக்கெட்டுகள். நடுத்தட்டில் நாலு பாக்கெட்டைத் தள்ளி, உருண்டைத் தட்டைச் செருகினாள். மூட மறந்தாள். மறந்தாள் என்பதைவிட, மூட வேண்டும் என்றே அவளுக்குத் தெரியாது.

மறுநாள் திவ்யாவுக்கு ஒன்று கொடுத்தாள். ஸ்வாதிக்குக் கொடுக்கவில்லை.

திவ்யா கடித்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். முழுவதையும் விழுங்கிவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து ஒரே மூச்சில் காலி செய்தாள்.

"நல்லாருக்கு," என்றாள்.

"அவளோடத விட?"

"கடலை வச்சிருக்கல்ல, அது சூப்பர்," என்று திவ்யா கை கழுவ ஓடிவிட்டாள்.

மாலையில் வீட்டுக்கு வந்து மீதியில் ஒன்றை மோகனா வாயில் போட்டாள். முதலில் சாக்லேட். பிறகு புளிப்பு. புளித்த மாவின் வாசனை மூக்குக்குள் ஏறியது. ஊத்தப்பத்துக்கு மிட்டாய் தொட்டுக்கொண்டதுபோல இருந்தது. வாசலுக்கு ஓடித் துப்பினாள்.

"வெண்ணெய்க்கு அந்தக் கொணம்டி," என்றார் அம்மா. "பக்கத்துல எது கீதோ அந்த வாசத்த இழுத்துக்கும். மூடி வச்சிருக்கணும்."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னாமா?"

"நீ கேட்டியா?"

இதையா திவ்யா முழுவதும் தின்றாள்? மோகனாவுக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தில் ஸ்வாதி மேல் இன்னும் எரிச்சல் வந்தது. "சனிக்கிழம பணியாரம் வேணாம்மா," என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை அந்தப் பக்கமெல்லாம் மின்தடை. பராமரிப்புப் பணி, மாலையில்தான் மின்சாரம் வரும். இந்த மாதிரி நாளில் மோகனா வீட்டில் மாவுப் பாக்கெட்டுகள் ஃப்ரிட்ஜிலிருந்து பெரிய தெர்மகோல் பெட்டிக்குப் போய்விடும். மேலே உடைத்த ஐஸ். மதியம் அம்மாவும் தினகரனும் கடைகளுக்குப் பாக்கெட் போடக் கிளம்பினார்கள். வீட்டில் மோகனா மட்டும்.

கதவு தட்டப்பட்டது. கையில் தட்டோடு ஸ்வாதி நின்றாள். தட்டில் உருண்டைகள். அவளுக்கு வேர்த்திருந்தது, உருண்டைகளுக்கும்தான்.

"ஃப்ரிட்ஜ் சூடாயிருச்சு. ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டுந்தானாம். என்ற தம்பி வேற தொறந்து தொறந்து பாத்துட்டான். உங்க வீட்ல ஐஸ் பெட்டி இருக்குன்னு திவ்யா சொன்னா. சாயந்திரம் வரைக்கும் வச்சுக்கிறியா புள்ள?"

"எடம் இருக்கான்னு தெரியல."

"ஓரமா வச்சாப் போதும்."

மோகனா தட்டை வாங்கிக்கொண்டாள். ஸ்வாதி நன்றி சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்க்க ஓடினாள்.

மோகனா தெர்மகோல் பெட்டியைத் திறந்தாள். புளித்த வாசனை குப்பென்று வந்தது. மாவுப் பாக்கெட்டுகளின் மேல் தட்டை வைத்தாள். திறந்தபடியே வைத்தாள். பெட்டியை மூடினாள்.

வைக்கச் சொன்னாள், வைத்தாயிற்று. இதில் என்ன தப்பு? அவள் எதையும் கெடுக்கவில்லை. வெண்ணெய் தானாகக் கெட்டுப்போகும். மாலைக்குள் மாவு வாசம் ஒவ்வொரு உருண்டையிலும் நன்றாக இறங்கிவிடும்.

ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, நடக்கப்போவதை நினைத்துப் பார்த்தாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். திவ்யா கடிக்கிறாள். இப்போது முகத்தைச் சுளிக்க வேண்டும். 'சே, என்ன இது' என்று ஸ்வாதியைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

ஆனால் மோகனா எவ்வளவு முயன்றும் அவள் நினைப்பில் வந்த திவ்யா முகத்தைச் சுளிக்கவில்லை. மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். விழுங்கிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள். 'நல்லாருக்கு' என்றாள்.

பிறந்தநாள் அன்றும் அதைத் தின்ன வேண்டுமா அவள்?

மோகனா எழுந்தாள். தட்டை வெளியே எடுத்தாள். முகர்ந்தாள். சந்தேகமாக இருந்தது. ஒன்றை வாயில் போட்டாள், வாசனை பார்க்கத்தான். இன்னும் கெடவில்லை. நன்றாகவே இருந்தது. அதுதான் எரிச்சல்.

எங்கே வைப்பது? வீட்டிலிருந்த எல்லா டப்பாவிலும் மாவு வாசனை. நிமிர்ந்து பரணைப் பார்த்தாள். சித்தி கல்யாணத்தில் வந்த பெரிய ஹாட் பாக்ஸ் அங்கே அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று அம்மா வைத்தது. எத்தனையோ விருந்தாளிகள் வந்துபோனார்கள், அது இறங்கவே இல்லை.

சூட்டை வெளியே விடாத பாத்திரம் குளிரை மட்டும் விட்டுவிடுமா என்ன?

ஸ்டூல் போட்டு இறக்கினாள். கழுவித் துடைத்தாள். தெர்மகோல் பெட்டியிலிருந்து பாதி ஐஸை அள்ளிப் பையில் கட்டி அடியில் போட்டாள். மேலே கிண்ணத்தில் உருண்டைகள். மூடியை அழுத்தித் திருகினாள்.

அம்மா திரும்பி வந்து தெர்மகோல் பெட்டியைத் திறந்தார். பாக்கெட்டுகள் பலூன்போல உப்பியிருந்தன.

"பாதி ஐஸு எங்கடி? மாவெல்லாம் பொங்கினு கீது."

மோகனா ஹாட் பாக்ஸைக் காட்டினாள். தினகரன் தலையில் கை வைத்தான். "போச்சு. புது ஹாட் பாக்ஸ். இன்னிக்கு இவ காலி."

அம்மா மூடியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னா உருண்ட இது? யாரோடது?"

"எதிர்வீட்டு ஸ்வாதியோடது."

"அவளோடதா?" அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தார். "எம் மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

மாலையில் ஹாட் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மோகனாவும் ஸ்வாதியும் அடுத்த தெருவிலிருந்த திவ்யா வீட்டுக்குப் போனார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஸ்வாதி வழியெல்லாம் பேசினாள்.

கதவைத் திறந்த திவ்யா ஹாட் பாக்ஸைப் பார்த்ததும் சிரித்தாள். மூடியைத் திருகி உள்ளே பார்த்தாள். ஒரு உருண்டையை எடுத்துக் கடித்தாள். சாக்லேட் வழிந்தது.

"சூப்பர் ஸ்வாதி," என்றவள், மோகனா பக்கம் திரும்பினாள். "பணியாரம் எங்க?"

"நீதான் உருண்ட கேட்டியே."

"அது அவகிட்ட கேட்டேன். பணியாரம் வேணாம்னு சொன்னேனா?"

மோகனா விழித்தாள். "அன்னிக்கு நான் குடுத்தது மாவு வாசம் அடிச்சுதுல்ல? ஏன் சொல்லல?"

"பணியாரத்துல உப்பு ஜாஸ்தின்னு போன வருஷம் சொன்னேன். ஒரு வாரம் பேசல நீ."

மோகனா உருண்டைகளை ஒரு தட்டில் கொட்டினாள். காலி ஹாட் பாக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, அந்தப் பொங்குன மாவுல பணியாரம் ஊத்தலாமா?"

"பணியாரத்துக்குப் புளிச்ச மாவுதாண்டி சரி," என்றபடி அம்மா ஏற்கெனவே குழிக்கல்லை அடுப்பில் வைத்திருந்தார்.

கேக் வெட்டும் நேரத்துக்குப் பணியாரம் போய்ச் சேர்ந்தது. மதியம் ஐஸ் இருந்த ஹாட் பாக்ஸில் இப்போது ஆவி பறந்தது. திவ்யா ஒரு கையில் உருண்டையும் இன்னொரு கையில் பணியாரமுமாக நின்றாள். ஸ்வாதி பணியாரத்தை ஊதி ஊதித் தின்றாள்.

"இது எப்படிச் செய்யறது? எனக்குச் சொல்லித் தருவியா புள்ள?"

"யோசிக்கணும்," என்றாள் மோகனா.

ஒரு பணியாரம் தின்று முடிக்கும் வரை யோசித்தாள். ஸ்வாதி செய்த உருண்டை ஒன்றைத் தின்றுகொண்டே இன்னும் கொஞ்சம் யோசித்தாள்.

"நாளைக்கு வா. வரும்போது ரெண்டு உருண்ட எடுத்துனு வா," என்றாள். "மூடி எடுத்துனு வா."